தூக்கணாங்குருவியை வைத்து ஓர் அறிவியல் படப்புத்தகம் எழுதலாம், வாங்க

"வணக்கம் குழந்தைகளே! நான்தான் தூக்கணாங்குருவி. நான் தானியங்களை உண்பேன். என் கூடு குடுவை போல இருக்கும்." குழந்தைகளுக்கு விலங்குகளைப் பற்றி எழுத உட்காரும் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். இதில் தகவல் இருக்கிறது, கதை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடும். அந்த உயிரின் வாழ்க்கையில் இருக்கும் சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டால், அறிவியலைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். கதை நகர நகர அதுவும் வந்துவிடும். எப்படி என்று ஒரே ஒரு குருவியை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: போய்ப் பாருங்கள்

மழைக்காலத்தில் வயலோரப் பனையிலும் ஈச்சமரத்திலும் கிணற்றின் மேல் சாய்ந்த முள்மரத்திலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தள்ளி உட்காருங்கள். கூட்டைத் தொட வேண்டாம், கிளையை வளைக்க வேண்டாம். எந்தக் குருவி நார் கொண்டுவருகிறது? எங்கிருந்து? அரை மணி நேரத்தில் எத்தனை முறை? எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பருவம் முடிந்து கீழே விழுந்து கிடக்கும் பழைய கூடு கண்ணில் பட்டால், அதன் முடிச்சுகளை உற்றுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

மரத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். சில கூடுகள் முழுதாக, நீண்ட குழாயோடு தொங்கும். சில கூடுகள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தது போல, அடிப்பகுதி இல்லாமல் பாதியில் நிற்கும். ஏன்?

கூடு கட்டுவது ஆண் குருவி. கிளையில் முடிச்சுப் போட்டு, ஒரு வளையம் பின்னி, ஹெல்மெட் வடிவம் வரை கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். பிறகு சிறகடித்துக் கூவும். பெண் குருவிகள் வந்து உள்ளே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும். ஒரு பெண்ணுக்குப் பிடித்துவிட்டால், ஆண் முட்டை அறையையும் நுழைவுக் குழாயையும் கட்டி முடிக்கும். யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே நிற்கும். ஆண் வேறொன்றைத் தொடங்கும்.

பார்த்தீர்களா? ஆசை, உழைப்பு, காத்திருப்பு, ஏமாற்றம், மறுபடியும் ஒரு முயற்சி. நாம் எதையும் சேர்க்கவில்லை. முழுக் கதையும் அந்தப் பனைமரத்திலேயே இருக்கிறது.

எனவே உணவு, எதிரிகள், முட்டையின் நிறம் எல்லாவற்றையும் இதே புத்தகத்தில் திணிக்காதீர்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு கேள்வி போதும்.

மூன்றாம் படி: எதைக் கற்பனை செய்யலாம்?

குருவி பேசலாம். அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் அது செய்யாத வேலையைச் செய்வதாக எழுதக் கூடாது. "அம்மாக் குருவி கூடு கட்ட, அப்பாக் குருவி இரை தேடப் போனது" என்று நம் வீட்டுப் பழக்கத்தை அதன் தலையில் கட்டினால், பிள்ளை தவறாகத்தான் கற்றுக்கொள்ளும். பெண் ஏற்றுக்கொண்ட கூட்டைக் கட்டி முடித்ததும் ஆண் அடுத்த கூடு கட்டப் போய்விடுவதும் உண்டு. அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தால் அதற்கு முன்பே கதையை முடித்துவிடுங்கள்; மாற்றி மட்டும் எழுதாதீர்கள்.

கூட்டின் உட்புறம் இந்தக் குருவி களிமண் அப்புவது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது ஊர்க்கதை. எனக்கும் பிடித்த கதைதான். ஒரு பாட்டி பேரனிடம் சொல்வதாக அது புத்தகத்தில் வரலாம். குருவி மின்மினியைப் பிடித்து ஒட்டுவதாகப் படத்தில் வரக் கூடாது.

நான்காம் படி: பக்கம் பிரியுங்கள்

நான்கு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். 16 பக்கப் புத்தகம் தயார். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் குறிப்புக்கு. நடுவில் ஏழு ஜோடிப் பக்கங்கள். வயலில் நார் கிழிப்பது, முடிச்சு, ஹெல்மெட், பெண் குருவி வருவது, அது பறந்து போவது, புதிய முடிச்சு, கடைசியில் குழாய் தொங்கும் கூடு. ஏழும் சரியாக வந்துவிட்டன.

பெண் குருவி உள்ளே உட்கார்ந்து பார்க்கும் பக்கத்தில் முடிவைச் சொல்லாதீர்கள். பிள்ளை தானே தாளைப் புரட்டித் தெரிந்துகொள்ளட்டும். அது பறந்து போகும் பக்கத்துக்குச் சொற்களே வேண்டாம்.

ஐந்தாம் படி: வாக்கியத்தை உரிக்க வேண்டும்

"ஆண் தூக்கணாங்குருவி நெற்பயிரின் இலைகளைக் கிழித்துக் கூடு கட்டுகிறது" என்று எழுதியிருப்பீர்கள். அதை இப்படி மாற்றிப் பாருங்கள்:

"இலை ஓரத்தில் ஒரு கடி.
பிடித்துக்கொண்டு ஒரே பறத்தல்.
சர்ர்ர்!
நீள நார் ஒன்று கையில், இல்லை, அலகில்!"

நெல், மஞ்சள் தலை, மழை எல்லாம் படத்தில் இருக்கும். நார் கிழிக்கும் நுட்பம் மட்டும் சொல்லில் வந்தால் போதும்.

அப்புறம், நாலைந்து பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டு இடைமறிக்கும் இடம் நல்ல இடம். கண் வேறெங்கோ போகும் இடத்தில் ஒரு வரியை வெட்டுங்கள்.

ஆறாம் படி: ஓவியருக்குக் குறிப்பு, பிறகு வெளியீடு

இனப்பெருக்கக் காலத்து ஆணுக்குத்தான் தலையில் அந்தப் பளிச்சென்ற மஞ்சள்; பெண்ணுக்குக் கிடையாது. இதை எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டுமே மஞ்சளாக வந்துவிடும். பறவை நோக்குபவர் ஒருவரிடம் ஒருமுறை படங்களைக் காட்டிவிடுங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உங்கள் கதையைத் தமிழிலேயே, இலவசமாக வெளியிடலாம்.

கடைசிப் பக்கக் குறிப்பில் நான் ஒரே வரிதான் வைப்பேன்: "உன் ஊர் மரத்தில் பாதியில் நிற்கும் கூடுகள் எத்தனை? எண்ணிவிட்டு வந்து சொல்."