டர்போ பக்கத்துத் தகட்டைக் கழற்றி எறியாதீர்கள்

போன வாரம், சேர்ந்து மூன்றே மாதமான பையன் ஒருவன் டீசல் காரின் டர்போவை (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) இறக்கி ஏற்றி முடித்திருந்தான். பெஞ்சில் ஒரு தகடு மிச்சம்: டர்போவின் சூட்டை மறைக்கும் ஹீட் ஷீல்டு. "சும்மா மூடிதாண்ணே, போல்ட்டும் முறிஞ்சிருச்சு" என்றான். இருபது வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

மலையேறி நின்றதும் இன்ஜினைச் சட்டென்று அணைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுகிறேன். டர்போச் சூட்டில் நடக்கும் மற்ற தப்புகள் இவை.

ஹீட் ஷீல்டைக் கழற்றிப் போடுவது

பாரத்தோடு ஏறும் டீசல் வண்டியில் டர்போவுக்குள் போகும் புகை 700 டிகிரி செல்சியஸைத் தொடும். பெட்ரோலில் 900-ஐத் தாண்டும். அடுப்புத் தணல் எட்ட நின்றாலும் முகத்தைச் சுடுகிறதே, அப்படித்தான் இந்தச் சூடும் பக்கத்திலிருப்பதன்மேல் பாய்கிறது. தகடு அதைத் திருப்பிவிடுகிறது. தகட்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கும் அதில் பங்குண்டு. தகட்டை நசுக்கி ஒட்டினாற்போல மாட்டினாலும் பலனில்லை.

கோயம்புத்தூரில் கடை போட்ட புதிதில் ஒரு வண்டியில் இந்தத் தகடு கடகடத்தது. போல்ட் துளை அரித்துப் பெரிதாகியிருந்தது. கழற்றி வீசினேன், சத்தம் நின்றது. இரண்டு மாதம் கழித்து வண்டிக்காரர் குடும்பத்தோடு குன்னூரிலிருந்து இறங்கும்போது, பர்லியாருக்கு மேலே பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. டர்போவை ஒட்டிப் போகும் வேக்குவம் ஹோஸ் (பிரேக் பெடலை லேசாக மிதிக்க உதவும் ரப்பர் குழாய்) வறண்டு அப்பளமாக நொறுங்கியிருந்தது. முதல் கியரும் கைப்பிரேக்கும்தான் காப்பாற்றின. அவர் திட்டவில்லை. "தேவையில்லாததுன்னா வண்டி செஞ்சவன் எதுக்குத் தம்பி அதைப் போட்டான்?" என்று மட்டும் கேட்டார்.

துளை பெரிதானால் அகலமான எஃகு வாஷர் போடுங்கள். முறிந்த போல்ட்டைத் துளையிட்டு எடுங்கள். தகடு கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். நேரமாகும் என்றால் வண்டிக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மேனிஃபோல்டில் ஹீட் ராப் சுற்றுவது

இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகை போகும் குழாய்தான் மேனிஃபோல்டு; அதன்மேல் சுற்றும் சூடு தாங்கும் நாடா ஹீட் ராப். ரேஸ் வண்டியில் அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். தினசரி ஓடும் வண்டியில் யார் பார்ப்பது? சூடு உள்ளேயே தங்கி வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆயில் கசிந்து ஊறினால் அது விளக்குத் திரிதான்.

சூட்டோடு தண்ணீர் அடிப்பது

கூடாது.

கொள்ளுச்செடி காயப்போட்ட ரோடு

சுற்றிப் போங்கள். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில், புகைக்குழாயிலுள்ள வடிகட்டி தன்னுள் சேர்ந்த கரியை எரிக்கும் நேரமாக இருந்தால் அதற்குள் சூடு 600 டிகிரியைத் தொடும். அப்போது சக்கை அடியில் சிக்கினால் புகை வரும்வரை காத்திருக்காதீர்கள். சக்கையைத் தாண்டி வெறும் தரையில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு, கம்பால் இழுத்துப் போடுங்கள்.