குழம்புப் பரங்கிக்காயில் ஒரு துண்டு முகத்துக்கு

சாம்பாருக்கோ கூட்டுக்கோ பரங்கிக்காய் (மஞ்சள் பூசணிதான், வெள்ளைப் பூசணி இல்லை) வேக வைக்கும்போது, உப்பு, மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்னாலேயே நன்கு வெந்த ஒரு துண்டைத் தனியாக எடுத்து ஆறவிட்டு மசித்து, ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் கலந்து முகத்தில் பத்து நிமிடம் பூசிக் கழுவுங்கள். தனிச் செலவு எதுவும் இல்லை.

தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் மேல்தோலின் வறண்ட செதில்களை இளக்கும், வெந்த பரங்கி வழியாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பச்சையாக அரைத்துப் போட வேண்டாம், நறுக்கும்போது கையில் ஒட்டி இறுகும் அந்தப் பிசின் சிலருக்குத் தோலை உரித்துவிடும். எலுமிச்சையும் வேண்டாம், வெயில் பட்டால் கருத்துப்போகும்.

நிறம் கூடும், தழும்பு மறையும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், கிடைப்பது அன்றைக்கு ஒரு மிருதுத்தன்மை, அவ்வளவுதான். சீழ் வைத்த பரு, வெட்டுக்காயம், கரப்பான் இருந்தால் பூசவே கூடாது. புதிதாகப் போடுபவர்கள் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் பேசாமல் சாம்பாரிலேயே போட்டுவிடுங்கள்.