வாய் பிளந்த ஷூவை மாற்றுவது எப்படி?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் மகனுக்கு 45 வெள்ளிக்கு ஷூ வாங்கினேன். மூன்றாவது வாரமே அடிப்பாகம் முன்னால் பிரிந்து வாயைப் பிளந்துவிட்டது. கடைக்காரரோ ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டையைக் காட்டினார்.

அந்த அட்டைக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். 2012 செப்டம்பர் முதல் இங்கே ‘லெமன் லா’ இருக்கிறது, குறையுள்ள பொருளை வாங்கியவருக்குக் கைகொடுக்கும் சட்டம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது கடையின் வேலை. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேளுங்கள். அது நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு, பணம் எல்லாம். எடுத்ததுமே “காசைக் கொடு” என்று நின்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும், அண்ணே என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

ரசீதை அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழப்புத் தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் வெளுத்துப்போகும். பிரிந்த இடத்தையும் கழுவாமல், சொந்தமாகப் பசை போடாமல் படம் எடுங்கள். (நான் பசை போட்டுவிட்டு மாட்டிக்கொண்டேன்.)

நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் சட்டம் உதவாது, கடையின் விதிதான். அதனால் வீட்டில் பாய்மேல் நடந்து பாருங்கள், ஷூவில் இருக்கும் விலை அட்டையைக் கிழிக்காதீர்கள்.

கடை அசையவே இல்லையா? பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ இருக்கிறது. அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், அங்கே வழக்கறிஞர் வேண்டாம். எனக்கு அதுவரை போகவில்லை; இரண்டாம் தடவை போனபோது வேறு ஜோடி கிடைத்தது.