பழைய ஹொண்டாவில் எர்த் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

உவர்மலையில் கடற்காற்றுப் படும் முற்றத்தில் நிற்கும் எனது பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள், சென்ற மாரியில் ஹோர்ன் அடித்தால் பிரேக் விளக்கு மங்கி, சிக்னல் மினுங்காமல் நின்றுவிடும் நிலைக்கு வந்தது. புதிய பற்றரியும், சிக்னலை மினுங்கவைக்கும் புதிய பிளாஷரும் வாங்கிப் போட்டுப் பணம் கரைந்ததே தவிர, கோளாறு போகவில்லை. கோளாறு இருந்தது எர்த்தில், அதாவது மின் சேசிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வழியே பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதையில்.

முதலில் பற்றரியைப் பாருங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற 12 வோல்ற் பற்றரி, மல்ரிமீற்றரில் (மின் அளக்கும் கருவி) ஏறத்தாழ 12.6 காட்ட வேண்டும். பழைய வண்டிகள் சில 6 வோல்ற் என்பதையும் கவனிக்கவும். பியூஸைக் கழற்றி, அதன் முனைகளைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது வயரின் நிறம். கார் பழக்கத்தில் கறுப்பை எர்த் என்று எண்ணிவிடாதீர்கள். ஹொண்டாவில் எர்த் பச்சை, கறுப்போ சாவியைத் திருப்பியதும் மின் வரும் வயர். இது தெரியாமல் நான் இரண்டு பியூஸ்களை எரித்தேன்.

என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது இனி வரும் படிதான். மல்ரிமீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து எர்த்தைச் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் அது 'பீப்' என்றது. நானும் எர்த் சரியென்று நம்பினேன். ஆனால் மீற்றர் அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டம் துருவுக்கிடையில் ஒட்டியிருக்கும் ஓர் இழையாலேயே போய்விடும். 21 வாற் பிரேக் பல்ப் இழுக்கும் ஒன்றே முக்கால் அம்பியர் அவ்வழியே போகாது. ஆகவே மீற்றரை டீசீ வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸிலும் சிவப்பு முனையைப் பெயின்ற் இல்லாத சேசிஸ் இரும்பிலும் பிடித்து, பிரேக்கை மிதித்தபடி ஹோர்னை அழுத்துங்கள். 0.2 வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 1.8 காட்டியது.

சீற்றின் கீழ், பற்றரியின் எர்த் வயர் சேசிஸில் பூட்டப்படும் போல்ற்றைக் கழற்றியபோது, வளையத்தின் அடிப்பக்கம் பச்சையாகப் பூத்திருந்தது. பற்றரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு, இரும்பு பளபளக்கும்வரை எமரித் தாளால் தேய்த்து, இறுகப் பூட்டிய பிறகு வாசலின் பூசுங்கள். துருநீக்கி எண்ணெயை மேலால் தெளித்துவிட்டு விடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உப்பு அடியிலேயே இருக்கும்.

பின்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர், தமது வண்டியில் பல்புகள் அடிக்கடி எரிந்துபோவதாக எழுதியிருந்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியில் அளக்கச் சொன்னேன், 14.5ஐத் தாண்டாமல் இருக்கவேண்டியது 15.6 வரை ஏறியது. சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெக்குலேற்றரின் பச்சை வயர் பூட்டுமிடத்திலும் அதே துரு. எர்த் சரியாக இல்லாதபோது ரெக்குலேற்றர் வோல்ற்றைக் குறைவாக உணர்ந்து, மேலும் மேலும் சார்ஜை ஏற்றுகிறது. தேய்த்துப் பூட்டியபின் 14.2இல் நின்றது.