வீட்டைச் சுற்றியுள்ள நச்சுச் சிலந்திகள்: கொழும்பு வீடுகளில் கண்டுபிடிப்பதும் கட்டுப்படுத்துவதும்

இரவு குசினி லைற்றைப் போட்டதும் சுவரில் உள்ளங்கையளவு சிலந்தி ஓடினால் கை தானாகச் செருப்புக்குப் போகும். அது பெரும்பாலும் வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, கரப்பான் பிடித்துத் தின்னும். பயப்பட வேண்டிய ஆளான பழுப்பு விதவைச் சிலந்தி வெளியே, பிளாஸ்ரிக் கதிரையின் அடிவிளிம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உடம்பு சுண்டுவிரல் நகமளவுதான். ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. மனிதரை வருத்தக்கூடிய நஞ்சு மிகச் சிலவற்றுக்கே உண்டு.

எடுத்து வைக்க வேண்டியவை

ரோச் லைற் ஒன்று, தடித்த தோல் அல்லது றப்பர் கையுறை, இரண்டடி நீளத் தடி, நீளக் கம்பில் கட்டிய தும்புத்தடி, அகலவாய்க் கண்ணாடிக் கிளாஸ், தடித்த மட்டை. ஸ்பிறே போத்தலில் 1 லீற்றர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து வையுங்கள்.

படி 1: இருட்டிய பிறகு தேடுங்கள்

பகலில் விதவைச் சிலந்திகள் இடுக்கில் ஒடுங்கிவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு வலையின் நடுவுக்கு வரும். கதிரை, மேசையின் அடிப்பக்கம், பூச்சாடி விளிம்பின் கீழ், கேற்றின் இரும்புச் சட்டம், மீற்றர் பெட்டி, கூரைப்பீலியின் அடி, பாவிக்காமல் நிற்கும் சைக்கிள், குப்பை வாளியின் கைபிடி உட்பக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். விரலை விட்டுத் தடவாதீர்கள். ரோச்சை அடியில் பிடித்துக் குனிந்து பாருங்கள். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம், நமக்கென்ன என்று விடவும் முடியாது. குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் மிதந்து போகும். பல்கனிப் பூச்சாடிக்கும் ஏசியின் வெளிப்பெட்டிக்கும் வந்து சேரும்.

படி 2: வலை, வயிறு, முட்டைப்பை

பழுப்பு விதவைச் சிலந்தியைக் கண்டுபிடிக்க இந்த மூன்றும் போதும். வலை வட்டமாக இராது. தாறுமாறாகச் சிக்கிய நூல் போலிருக்கும். தடியால் இழுத்தால் சாதாரண ஒட்டடைபோல் மெதுவாக வராமல், மெல்லிய ‘சரசர’ சத்தத்தோடு அறும். வயிற்றின் அடியில் உடுக்கு வடிவில் செம்மஞ்சள் அடையாளம் இருக்கும். கால்களில் கருமையும் வெளிறலும் மாறிமாறி வரும்.

மிக உறுதியான அடையாளம் முட்டைப்பை. சுமார் 1 சென்ரிமீற்றர் உருண்டை, வெளிறிய மஞ்சள் நிறம், மேலெல்லாம் சிறு முட்கள். நெருஞ்சிக்காயைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சிலந்தியே கண்ணில் படாவிட்டாலும் இந்தப் பை இருந்தால் அது அங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கலாம்.

இதே பேரினத்தில் கறுப்பு உடலில் சிவப்பு அடையாளம் கொண்ட இன்னொன்றும் இலங்கையில் உண்டு. 1991இல் அறிவியல் பெயர் பெற்றது. அதற்கும் இதே கவனம்தான்.

மரங்கள் அடர்ந்த வளவு என்றால் புலிமுகச் சிலந்தியையும் தெரிந்து வையுங்கள். தட்டையான, மயிர் அடர்ந்த உடல், சாம்பலும் கருமையும் கலந்த கோலம், முன்கால்களின் அடியில் மஞ்சள் பட்டை. மரப்பொந்தில் வாழ்வது, மரம் வெட்டும்போதும் பழைய பலகையைக் கிளப்பும்போதும்தான் பொதுவாக எதிர்ப்படும். கடித்தால் கடுமையான வலியும் நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரலாம். இதை அடித்துக் கொல்ல வேண்டாம். இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அறைக் கதவை மூடிவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

படி 3: விட்டுவிட வேண்டியவை

கூரை மூலையில் நூல்போன்ற நெட்டைக் காலோடு நடுங்குவது, யன்னல் கண்ணாடியில் தத்தித் தத்திப் பாய்வது, வளவில் வாழைக்கும் மதிலுக்கும் நடுவே பொன்னிற வட்ட வலை கட்டுவது, எல்லாம் ஆபத்தில்லாதவை. வட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் ‘பிரவுண் ரெக்லூஸ்’ படம் அமெரிக்காவில் வாழும் சிலந்தியுடையது.

வேட்டைச் சிலந்தியை வெளியேற்ற, மெதுவாகக் கிளாஸைக் கவிழ்த்து மட்டையை அடியில் செருகுங்கள். கால் விளிம்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றின் கீழ் வெள்ளைத் தட்டு ஒன்றைச் சுமந்தால் அது முட்டைப்பை. செருப்பால் அடித்தால் சில சமயம் அறை முழுக்கக் குஞ்சு சிதறும்.

படி 4: பழுப்பு விதவையை அகற்றுதல்

கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையும் மூடிய சப்பாத்தும் அணியுங்கள். சோப்புத் தண்ணீரைச் சிலந்தி மேல் நேராக, நனைந்து விழும்வரை அடியுங்கள். விழுந்ததும் தடியால் நசுக்குங்கள். தொட்டால் இது செத்ததுபோல் சுருண்டுவிடும். அதை நம்பிக் கையால் எடுத்தால் கடி வாங்கலாம்.

அடுத்து முட்டைப்பைகள். ஒரு பையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். எல்லாப் பைகளையும் தடியால் சுரண்டிப் பொலித்தீன் பையில் போட்டு, கட்டி, காலால் மிதித்து நசுக்குங்கள். பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான்: பூச்சிமருந்து அடித்துத் தாய்ச்சிலந்தியைக் கொன்றுவிட்டுப் பையை அப்படியே விட்டுவிடுவார்கள். பையின் நெசவுக்குள் மருந்து சரியாக இறங்காது. சில வாரத்தில் குஞ்சு பொரிக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது அதே இடங்களைத் திரும்பப் பாருங்கள்.

சுவரெல்லாம் மருந்து பூசுவதில் பெரிய பயன் இல்லை. சிலந்தி நுனிக்காலில் நடக்கிறது, வலையிலேயே காலத்தைக் கழிக்கிறது. மருந்து உடலில் படுவது குறைவு. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கும் தொட்டி மீனுக்கும் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 5: திரும்ப வராமல் செய்தல்

இரை இருக்கும் இடத்துக்குத்தான் சிலந்தி வரும். வாசல் மின்குமிழ் வெள்ளையாக இருந்தால் மழைக்காலத்தில் பூச்சி மொய்க்கும்; மஞ்சள் ஒளி எல்ஈடிக்கு மாற்றுங்கள். பொச்சு மட்டை, பழைய சீற், அட்டைப்பெட்டி ஆகியவற்றை மதிலோரம் குவிக்காதீர்கள். நுளம்புக்காக வளவைத் துப்பரவாக்கும் அதே நாளில் இதையும் செய்துவிடலாம். யன்னலுக்கு நுளம்பு வலை, கதவடிக்கு றப்பர்ப் பட்டி, மதில் துளைக்கு சீமெந்து. வெளியே வைத்த சப்பாத்தையும் ஹெல்மெட்டையும் உதறாமல் போடக் கூடாது.

கடித்துவிட்டால்

சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் எடுத்து, மீண்டும் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வந்தால், அல்லது கடிபட்டவர் சிறுபிள்ளை, முதியவர், கர்ப்பிணி என்றால், 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். சிலந்தியின் படம் போனில் இருந்தால் காட்டுங்கள். இருட்டில் கடித்தது எதுவென்றே தெரியாவிட்டால், பாம்புக்கடி என்று எண்ணியே உடனே போக வேண்டும்.

இன்னொன்று: ‘சிலந்தி எச்சம் பட்டது’ என்று எண்ணெய் பூசி மந்திரிக்கும் எரிச்சற் கொப்புளங்கள் பல சிலந்தி வேலையே அல்ல. தோலில் கோடுபோல் எரிந்தால், லைற்றுக்கு வரும் செம்மஞ்சள், கறுப்புச் சிறு வண்டு ஒன்று நசுங்கியிருக்கலாம். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வந்து வலித்தால் அது அக்கியாக இருக்கக்கூடும். அதற்கான மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.