ஸ்டெல்லாரிஸ்: முதல் பேரரசைத் தொடங்குபவருக்கு

சுவீடனின் பாராடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட ஸ்டெல்லாரிஸ், விண்வெளியில் பேரரசு கட்டும் கணினி விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதன் சிறந்த பகுதி முதல் நூறு ஆண்டுகளிலும், அலுப்பூட்டும் பகுதி கடைசி நூறு ஆண்டுகளிலும் இருக்கிறது. ஆட்டம் 2200இல் தொடங்கி 2500 வரை நீளும்படி நிறுவனம் அமைத்துத் தந்திருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்பவர், சுவையான தொடக்கத்திற்காக நெடிய பின்பகுதியையும் சுமக்க நேர்கிறது. ஆகவே முதல் வேலை, ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே அமைப்புகளைத் திருத்துவதுதான்.

விண்மீன் மண்டலத்தின் அளவை 400 விண்மீன்களாக வையுங்கள். 1000 விண்மீன்கள் கொண்ட மண்டலம் பார்ப்பதற்குப் பிரம்மாண்டமாக இருந்தாலும், மக்கள்தொகை பெருகப் பெருகக் கணினிக்குக் கணக்கு கூடி, பிற்பகுதியில் ஒவ்வொரு மாதமும் இழுத்து இழுத்து நகரும். இது இந்த விளையாட்டின் மிகப் பழைய குறை, வலுவான கணினியாலும் முழுமையாகத் தீராதது. வாழத்தகுந்த கோள்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் வேகமும் கூடும், நீங்கள் நிர்வகிக்க வேண்டிய கோள்களும் குறையும். நடு ஆட்டம் தொடங்கும் ஆண்டை 2250க்கும், இறுதி ஆட்டம் தொடங்கும் ஆண்டை 2350க்கும், ஆட்டம் முடிந்து வெற்றி கணிக்கப்படும் ஆண்டை 2400க்கும் முன்னே கொண்டுவாருங்கள்.

பேரரசாக, மனிதர்களைக் கொண்ட 'ஐக்கிய நாடுகளின் பூமி' என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அண்டை நாடுகளுடன் இணக்கமாகப் பழகும் இயல்புடையது என்பதால் தொடக்கத் தவறுகளை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

ஆட்டம் தொடங்கியவுடன் இடைவெளி விசையை அழுத்தி நிறுத்திவிட்டு, எல்லாத் திரைகளையும் நிதானமாகப் பாருங்கள். நேரம் தானாக ஓடும் விளையாட்டுதான் என்றாலும், நிறுத்திய நிலையிலும் எந்தக் கட்டளையையும் இடலாம். உங்களிடம் ஓர் அறிவியல் கப்பல், ஒரு கட்டுமானக் கப்பல், சிறு போர்க்கப்பல்கள் சில ஆகியவை இருக்கும். முதலில் இன்னோர் அறிவியல் கப்பலைக் கட்டுங்கள். ஆராயாத விண்மீன் அமைப்பில், அதை உங்களுடையதாக்கும் புறக்காவல் நிலையத்தை எழுப்ப முடியாது என்பதால், உங்கள் விரிவாக்கத்தின் வேகத்தை இந்தக் கப்பல்களே தீர்மானிக்கின்றன. அதோடு, விளையாட்டின் உயிர் இருப்பதும் இங்கேதான்: ஏதோ ஒரு சிறு கோளில் ஒரு விந்தைக் குறிப்பு தென்படும், அதைப் பின்தொடர்ந்து சென்றால் என்றோ அழிந்த ஒரு நாகரிகத்தின் கதை துண்டுதுண்டாக விரியும். இந்தச் செய்திகளைப் படிக்காமல் பொத்தானை அழுத்திக் கடந்துவிடாதீர்கள். எண்களை மட்டும் பார்த்து ஆடுபவருக்கு ஸ்டெல்லாரிஸ் வெறும் கணக்குப் புத்தகமாகவே தெரியும்.

ஆய்வு முறையும் இதே உணர்வைத் தருகிறது. தொழில்நுட்பங்கள் ஒரு மரம்போல முன்கூட்டியே விரித்துக் காட்டப்படுவதில்லை. ஒவ்வொரு துறையிலும் சில தேர்வுகள் சீட்டுகள்போல வரும், அவற்றுள் ஒன்றை எடுக்க வேண்டும். எனவே ஒரே திட்டத்தை மனப்பாடமாகத் திரும்ப ஆட முடியாது.

செல்வாக்கு என்ற வளத்தைத்தான் மிகவும் கவனமாகச் செலவிட வேண்டும். புதிய புறக்காவல் நிலையத்திற்கும் அது தேவை, அண்டை நாட்டின் விண்மீன்கள்மீது உரிமை கோரவும் அது தேவை. கப்பல்கள் விண்மீன்களுக்கிடையே செல்லும் மீவெளிப் பாதைகள் குறுகி ஒன்றுசேரும் விண்மீன் அமைப்புகளை முதலில் பிடித்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காலி இடங்களைப் பின்னர் நிதானமாக நிரப்பிக்கொள்ளுங்கள். அந்த வாயிலை அரண் செய்துவிட்டால் உள்ளே பிறர் எளிதில் நுழைய முடியாது. அதேபோல் உலோகக்கலவை உற்பத்தியைத் தொடக்கத்திலேயே பெருக்குங்கள், ஏனெனில் கப்பலும் நிலையமும் அதிலிருந்தே பிறக்கின்றன.

போரில்தான் புதியவர் மிகவும் ஏமாறுகிறார், நானும் முதலில் ஏமாந்தேன். எதிரியின் கோள்கள் பலவற்றைக் கைப்பற்றியிருந்தேன். ஆனால் முன்கூட்டியே உரிமை கோராததால், சமாதானம் வந்தபோது அவை அனைத்தும் அவரிடமே திரும்பிவிட்டன. வழக்கமான கைப்பற்றும் போரில், உரிமை கோரிய இடம் மட்டுமே கையில் நிற்கும். போர் நீள நீளக் கூடும் போர்ச் சோர்வு நூறு விழுக்காட்டைத் தொட்ட பின் குறிப்பிட்ட காலம் கடந்தால், எதிரி உங்கள்மீது சமாதானத்தைத் திணிக்கவும் முடியும். மோதல் தொடங்கிவிட்டால் கப்பல்களுக்குத் தனித்தனியாகக் கட்டளை இட முடியாது, பின்வாங்கச் சொல்ல மட்டுமே முடியும்; கப்பல் வடிவமைப்பில் நாம் செலுத்தும் உழைப்புக்கு இந்தப் போர்க்களம் போதிய பலன் தருவதில்லை என்பது என் கருத்து.

வெளியில் கிடைக்கும் குறிப்புகளைப் படிக்கும்போது அவை எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டவை என்று பாருங்கள். 2018ஆம் ஆண்டு ஒன்றிலேயே பயண முறையும் கோள் நிர்வாகமும் அடியோடு மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய அறிவுரைகள் இன்று வழிதவறச் செய்யும். விலைக்கு விற்கப்படும் விரிவாக்கத் தொகுப்புகளின் நீண்ட பட்டியலும் மிரட்டும். ஒன்றையும் வாங்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்துவிட்டு, உங்களுக்கு எது போதவில்லை என்று தெரிந்த பிறகு, முதலில் 'யுடோபியா'வைப் பாருங்கள்.

இறுதி ஆட்ட ஆண்டுக்குப் பிறகு, மண்டலத்தையே விழுங்க வரும் பெரும் நெருக்கடி ஒன்று எழும். அதன் வலிமையையும் அமைப்புகளிலேயே குறைக்கலாம். முதல் முறைக்குக் குறைத்தே வையுங்கள். அதற்கு முன்பே கோள் நிர்வாகம் சுமையாகிவிட்டால், கோள்களைத் தானியங்கி நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டுக் விண்கப்பல் படையையும் அரசுறவுகளையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.