லேப்டாப்பில் ஓடும் ஒலியைப் பதிவுசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு இணைய வானொலிப் பேட்டியைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். லேப்டாப் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தலையணை, அதன்மேல் செல்போன், செல்போனில் ரெக்கார்டர். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, வியர்வை வழிய அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா இப்படி?" என்றேன். "இந்த லேப்டாப்ல உள்ள ஓடுற சத்தத்த ரெக்கார்ட் பண்ற வசதி இல்ல சார்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுத்தாக்கித் தருவது என் தொழில். ஒலி அளவைப் பார்க்காமல் விடுவது, டிஸ்கில் இடமிருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது இதெல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. திரும்பத் திரும்பப் புதியவர்கள் வந்து விழும் குழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"இந்த மெஷினில் அது இல்லை" என்று நம்பி டிரைவர் தேடப் போவது

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒலி அமைப்பில் ரெக்கார்டிங் பட்டியலைத் திறந்தால் மைக், லைன் இன் இவற்றோடு ஸ்டீரியோ மிக்ஸ் என்றும் ஒன்று இருக்கும். சில சவுண்ட் கார்டுகளில் அதற்கு வேவ் அவுட் மிக்ஸ் என்று பெயர். கிரியேட்டிவ் கார்டுகளில் வாட் யு ஹியர். அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி அப்படியே பதிவாகும். 2007 ஜனவரியில் அடுத்த விண்டோஸான விஸ்டா கடைக்கு வந்தது. அதையொட்டி வந்த பல லேப்டாப்களில் அந்த வரியைக் காணோம். பாட்டுக் கம்பெனிகளுக்காகத்தான் லேப்டாப் தயாரிப்பாளர்கள் இதை எடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அப்போது பரவலாக எழுந்தது.

2009இல் என்னிடம் இருந்ததும் அப்படி ஒரு லேப்டாப்தான். ஒரு வெளிநாட்டு இணைய வானொலியில், பழைய நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவரின் பேட்டி மாலை 7 மணிக்கு நேரலையாக வரவிருந்தது. மறு ஒலிபரப்பு கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மதியம் 3 மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். மைக் மட்டும்தான் இருந்தது. ஒலிச் சிப்பை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர் பழசாக இருக்கும், புதிதாகப் போட்டால் வந்துவிடும் என்று நானே முடிவு கட்டினேன். சிப்பின் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் கண்ணில் பட்ட ஒரு பொதுவான டிரைவரை இறக்கினேன். 256 கேபிபிஎஸ் பிராட்பேண்டில் அது இறங்கி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. நிறுவி, மெஷினை அணைத்துப் போட்டேன். திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஸ்டீரியோ மிக்ஸ் வரவில்லை, இருந்த ஒலியும் போய்விட்டது. டிரைவரை நீக்கி, மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரெஸ்டோர் செய்து, ஒலி திரும்பி வந்தபோது மணி ஏழே முக்கால். பெரியவர் விடைபெறும் குரலைத்தான் கேட்டேன். அடுத்த வருடம் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பேட்டி இன்றுவரை யாரிடமும் கிடைக்கவில்லை.

இன்னும் எரிச்சல் தருவது அதற்குப் பிறகு தெரியவந்த விஷயம். இரண்டு வாரம் கழித்து ஒரு நண்பர் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு இயங்குதளத்தின் சீடி கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் சீடியிலிருந்தே அதே லேப்டாப்பை இயக்கினோம். அங்கே பதிவுக்கான மூலங்களின் பட்டியலில் 'மிக்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. தேர்ந்தெடுத்தோம், ஒரு பாட்டை ஓடவிட்டோம், பதிவானது. அதே சிப், அதே லேப்டாப். ஓடும் ஒலியைத் திரும்பப் பதிவுக்கு அனுப்பும் பாதை சிப்புக்குள் இருக்கத்தான் செய்தது. தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர்தான் அதை விண்டோஸுக்குக் காட்டாமல் மறைத்திருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருக்கும் வசதியை என்னிடம் சொல்லாமல் பூட்டிவைப்பது அநியாயம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருட்டைத் தடுக்கத்தான் இது என்றால் அதை என்னால் ஏற்கமுடியாது. நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பிறகு பார்த்துக்கொள்வது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் 1984லேயே சொல்லிவிட்டது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் கொடுக்கிறது. விற்பதற்காகப் பாட்டைத் திருடுகிறவருக்கு ஆயிரம் வழி உண்டு. இந்தப் பூட்டால் தவித்தது பாடம் கேட்கிற மாணவரும் என்னைப் போன்ற எழுத்தாக்கக்காரர்களும்தான்.

சரி, அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில், ரெக்கார்டிங் பட்டியலில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். முடக்கிவைத்த கருவிகளைப் பட்டியலில் காட்டாமல் வைப்பது விஸ்டாவில் வந்த பழக்கம். எத்தனையோ லேப்டாப்களில் ஸ்டீரியோ மிக்ஸ் அங்கேதான் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும். எனேபிள் கொடுத்தால் போதும். விண்டோஸ் 11இலும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' வழியாகப் போனால் அந்தப் பழைய பெட்டி திறக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். காரணம் இதுதான். ஒவ்வொரு புரோகிராமும் அனுப்பும் ஒலியை முதலில் விண்டோஸே ஒன்றாகக் கலக்கிறது. பிறகுதான் அது டிரைவர் வழியாகச் சிப்புக்குப் போகிறது. ஸ்டீரியோ மிக்ஸ் என்பது சிப்புக்குப் போய்ச் சேர்ந்த ஒலியை அங்கிருந்து திருப்பி எடுப்பது. அதற்கு முந்தைய இடத்திலேயே, விண்டோஸ் கலந்த கையோடு பிடித்துவிட்டால் சிப்பில் என்ன பூட்டு இருந்தாலும் கவலையில்லை. இதற்கு லூப்பேக் என்று பெயர். வாஸாபி (WASAPI) என்ற ஒலி அமைப்போடு இது விஸ்டாவிலேயே வந்துவிட்டது. இலவச ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் 2013 முதல் இருக்கிறது. ஆடியோ ஹோஸ்ட் என்ற இடத்தில் வாஸாபியைத் தேர்ந்தெடுங்கள். பதிவுக் கருவியாக, ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் லூப்பேக் என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். அனலாகுக்கு மாறி மீண்டும் டிஜிட்டலாக வரும் சுற்று இதில் இல்லை, ஒலியும் துப்புரவாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு இதைக் காட்டிக்கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டார்.

ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு ஒயர் இழுப்பது

அறுபது ரூபாய் ஒயரில் வேலை முடிந்துவிடும் என்று நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். மைக் துளை மிகச் சன்னமான சிக்னலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போனிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு வலுவானது. குரல் உடைந்து கரகரக்கும். பின்னால் எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. பெரும்பாலான லேப்டாப்களில் மைக் துளை மோனோ என்பதால் இடது, வலது வித்தியாசமும் போய்விடும். இப்போது வருகிற லேப்டாப்களிலோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே துளைதான்.

ப்ளூடூத் மாட்டிக்கொண்டு ஸ்டீரியோ மிக்ஸைத் திட்டுவது

போர்டில் இருக்கும் ஒலிச் சிப்புக்குள் போவது மட்டும்தான் ஸ்டீரியோ மிக்ஸுக்குக் கேட்கும். ப்ளூடூத், யுஎஸ்பி ஹெட்செட், எச்டிஎம்ஐ டிவி எதுவும் கேட்காது.

தன் கேள்வி பதிவாகவில்லை என்பதைக் கடைசியில் கண்டுபிடிப்பது

லூப்பேக் பிடிப்பது உங்கள் லேப்டாப் உங்களுக்குப் பேசுவதை. நீங்கள் மைக்கில் பேசுவது உங்கள் ஸ்பீக்கரில் வராது, அதனால் பதிவிலும் வராது. ஜூமில் ஒருமணி நேரம் பேட்டி எடுத்துவிட்டு வெறும் பதில்களோடு எங்களிடம் வந்தவர்கள் பலர். "ஆமா", "இல்ல", "அது அப்புறம்தான்" என்று ஒரு பக்கம் மட்டும் கேட்கும். எந்தக் கேள்விக்கு எந்த 'ஆமா' என்று எழுத்தாக்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பேட்டி என்றால் ஓபிஎஸ் (OBS) போன்ற ஒரு பதிவு மென்பொருளில் கணினி ஒலியையும் மைக்கையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடத்தைப் பிரித்துக் கேட்க அது ஒன்றுதான் வழி.

நின்ற நேரத்தைக் கணக்கில் எடுக்காதது

லூப்பேக்கில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு குணம் உண்டு. எந்தப் புரோகிராமும் ஒலி அனுப்பாத நேரத்தில் விண்டோஸ் பதிவுக்கு எதையும் தராது. பேசுகிறவர் மௌனமாக இருப்பதைச் சொல்லவில்லை, அது ஒழுங்காகப் பதிவாகும். இணையம் திணறி பிளேயரே நின்றுவிடும் நேரத்தைச் சொல்கிறேன். ஆடாசிட்டி அப்போது காத்து நிற்கும், ஒலி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு போகும். கேட்டால் தெரியாது. ஆனால் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து எடுத்த குறிப்புகளும் பதிவின் நேரமும் ஒத்துப்போகாது. ஒருமுறை நாலு நிமிட வித்தியாசத்தைத் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். சத்தமே இல்லாத ஒரு ஒலிக் கோப்பை இன்னொரு பிளேயரில் பின்னணியில் ஓடவிடுங்கள். பதிவு நிற்காது.

வாட்ஸ்அப் வெப்

மூடிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் அதன் அறிவிப்புச் சத்தமும் பதிவாகிவிடும்.

சொல்லாமல் பதிவுசெய்வது

எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் சரி என்று சொல்வதும் பதிவில் இருக்கட்டும்.

போன தடவை வேலை செய்தது என்ற தைரியத்தில் இருப்பது

விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்தால், தயாரிப்பாளரின் ஒலி டிரைவரை எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்டின் பொதுவான டிரைவர் வந்து உட்காரக்கூடும். அதில் ஸ்டீரியோ மிக்ஸ் கிடையாது. இன்னொன்று, பிரைவசி அமைப்பில் மைக்ரோபோன் அனுமதி அணைந்திருந்தால் ஸ்டீரியோ மிக்ஸும் சேர்ந்து அடைபடும். விண்டோஸ் அதையும் ஒரு மைக்காகவே எண்ணுகிறது. சில புரோகிராம்களில் பிழைச் செய்திகூட வராமல் திரையில் ஒரு நேர்கோடு மட்டும் ஓடும். வேலை செய்கிற டிரைவரின் நிறுவல் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுவைத்திருக்கிறேன். நேரலை என்றால் முந்தைய நாள் மாலையிலேயே பட்டியலைத் திறந்து பார்த்துவிடுகிறேன், அன்று மதியம் 3 மணிக்கு அல்ல.